குடிக்கொரு கதிரை

மஞ்சள் பெட்டி என்னுடையது, பச்சைப் பெட்டி என்னை எதிர்த்து நின்றவருடையது. வாக்கு எண்ணி முடிந்தபோது மஞ்சள் வென்றது. எங்கள் வாவிக்கரை ஊரின் கிராமச் சங்கத்தில் ஏழு அங்கத்தவர்கள். ஆறு பேர் ஆண்கள், ஏழாவது அன்னப்பூரணி ஆகிய நான். இதில் விளங்காத சங்கதி என்ன இருக்கிறது? ஆனால் சங்கத்தைப் படம் பிடிக்கிறதென்று தீர்மானித்த அன்று, படித்தவர் படியாதவர் ஒருவருக்கும் இது விளங்காமல் போய்விட்டது.

படம் சங்க மண்டபத்தில் மாட்டப்படும் என்றார்கள். என் வட்டாரத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. புருஷன்மார் முறைத்துப் பார்க்கப் பார்க்க வந்து எனக்கு வோட்டுப் போட்டவர்கள் அவர்கள். அந்த வோட்டு எங்கே போனது என்று பார்க்க, சுவரில் அவர்களுக்கு ஒரு முகம் வேண்டும். அது என் முகமாக இருக்க வேண்டும். எனக்கு ஆசையும்தான், ஏன் மறைக்க வேண்டும்? உடுப்புப் பெட்டியின் அடியில் கிடந்த பட்டுச் சீலையை எடுத்து உடுத்து, இரண்டு வயது மகன் பரமுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முந்திப் போய் நின்றேன்.

படம்பிடிக்கிற ஹெக்டர் பட்டணத்திலிருந்து தோணியில் வந்திறங்கினார். உலகச் சண்டைக்காலம், சாமான் வருவதில்லை. "ரெண்டே ரெண்டு கண்ணாடித் தகடுதான் கையில இருக்கு, ஐயாமார். ஆளுக்கு ஆள் ஆடாம அசையாம இருக்கவேணும். ஆடினவருக்கு முகம் இருக்காது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

புளிய மர நிழலில் ஏழு கதிரை போட்டார்கள். யார் எதில் இருப்பது? சங்கத் தலைவர், வயல்காரப் பெரியவர் இளையதம்பிப் போடியார் ஒரு நொடியில் தீர்த்துவைத்தார். காளாஞ்சி வரிசைதான் வரிசை என்றார். எங்கள் ஊரில் குலத்தைக் குடி என்போம். கோயில் திருவிழா முடிவில் குடி குடியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காளாஞ்சி கொடுப்பார்கள். வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டம், வேறொன்றும் இல்லை. ஆனால் எந்தக் குடிக்கு முதல், எந்தக் குடிக்குப் பிறகு என்று மண்டை உடைந்த வருஷங்களும் உண்டு. அந்தக் கணக்கில் போடியாரின் குடிக்கு முதல் கதிரை, என் குடிக்கு இரண்டாவது. நல்லதாய்ப் போயிற்று என்று நான் போய் இருந்தேன்.

"தங்கச்சி, கொஞ்சம் எழும்புங்க" என்றார் போடியார்.

"ஏன்?"

"கோயில்ல காளாஞ்சி வாங்குறது ஆம்பிளைட கை. பொம்பிளை கை நீட்டின சரித்திரம் இல்ல."

"இது கோயில் இல்ல, போடியார். சங்கம்."

"வரிசை கோயில் வரிசைதானே, பிள்ள?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் குடி தாய்வழி. வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, கலியாணம் முடித்த ஆம்பிளை பெண்சாதி வீட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும். எல்லாம் எங்களால் வருகிறது, கதிரை மட்டும் எங்களுக்கு ஆகாதாம்.

ஏழாவது கதிரையில் இருந்த முகைதீன்பாவா பக்கத்து முஸ்லிம் வட்டாரத்தின் அங்கத்தவர். நெசவுத் தறி வைத்திருக்கும் நல்ல மனிதர். "வோட்டு அவவுக்குத்தானே விழுந்த? அவ இரிக்கட்டுமே" என்றார்.

"உங்கட கதிரையில வழக்கு இல்லயே, பாவா. நீங்க இருங்க" என்று போடியார் அவர் வாயை அடைத்துவிட்டார்.

வேடிக்கை பார்க்க வந்து நின்ற என் புருஷன் சாமித்தம்பியைக் கையில் பிடித்து இழுத்து என் கதிரையில் இருத்தினார்கள். அவரும் இருந்தார்! சால்வையைச் சரிசெய்து, மீசையையும் ஒருக்கால் தடவிக்கொண்டார். நான் பார்த்த பார்வைக்கு, "இருக்கச் சொன்னாங்க, இருந்தன். என்னை என்ன செய்யச் சொல்றாய்?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

ஆனால் அவரால் கனநேரம் இருக்க முடியவில்லை. மூன்றாவது கதிரைக்காரர் கதிர்காமத்தம்பி துள்ளி எழும்பினார். "சாமித்தம்பி போடியார்ட குடியெல்லோ? ஒரு குடிக்கு ரெண்டு கதிரையோ? இதுக்கு நான் ஒத்துக்கொள்ள ஏலா!" அவ்வளவுதான். பாவாவைத் தவிர ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். ஒரு பெண் இருக்கலாமா என்ற கேள்வி காற்றில் போய்விட்டது. எந்தக் குடிக்கு எத்தனை கதிரை என்பதே வழக்கு. என் அண்ணனைக் கூப்பிடலாமா என்றார்கள். அவன் கலியாணம் முடித்துக் பெண்சாதியின் ஊரான கிரானில் இருக்கிறான், வந்து சேரப் பொழுதுபட்டுவிடும். என் அம்மான் செத்து வருஷமாகிறது. நான் ஒருத்தி உயிரோடு பக்கத்தில் நிற்கிறேன், என் குடிக்கு ஆள் இல்லை என்று தேடுகிறார்கள்.

"நிழல் போகுது, ஐயாமார்" என்று ஹெக்டர் தலையில் கைவைத்தார்.

அப்போதுதான் போடியாரின் கண் என் இடுப்பில் விழுந்தது.

"பிள்ளைக்கும் தாய்ட குடிதானே? ஆம்பிளைப் பிள்ளை. முடிஞ்சுது வழக்கு!"

எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. கதிர்காமத்தம்பிகூடத் தலையாட்டினார். என் மகனை என் கையிலிருந்து பறித்து என் கதிரையில் வைத்தார்கள். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை.

பரமு என்னைத் தேடி வீரிட்டு அழுதான். ஹெக்டர் கமராவின் மூடியைக் கழற்றிய நேரம் கதிரையால் குதித்து என்னிடம் ஓடிவந்தான். முதல் தகடு பாழ்.

இரண்டாவது தகட்டைப் போட்டுக்கொண்டே ஹெக்டர் ஒரு வழி சொன்னார். சின்னப் பிள்ளைகளைப் படம் பிடிக்கத் தாயைக் கதிரையில் இருத்தி, தலையோடு ஒரு துணியால் மூடி, மடியில் பிள்ளையை வைப்பதாம். படத்தில் தாய் தெரியமாட்டாளாம், துணி போட்ட கதிரை என்றே நினைப்பார்களாம். போடியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப தங்கச்சியும் படத்தில இருந்த மாதிரித்தானே!" என்றார்.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு ஒரு நன்மை செய்துவிட்டதாகவே அந்த மனிதன் நினைத்தார்.

பரமுவை வாரி எடுத்தேன். போய் இருந்தேன். சங்கத்து மேசை விரிப்பைக் கொண்டுவந்து என் தலையில் போட்டார்கள். பூஞ்சண மணம், மை மணம். உள்ளே இருட்டு. என் பட்டுச் சீலை, என் தாயின் அட்டியல், எனக்கு விழுந்த வோட்டு எல்லாம் அந்த விரிப்புக்குள் வியர்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை.

"இதுதான் கடைசித் தகடு. மூணு எண்ணுறன். மூச்சும் விடாதீங்க" என்று ஹெக்டரின் குரல் கேட்டது. "ரெடி!"

மூடியைக் கழற்றப் போகிறார் என்று தெரிந்தது. விரிப்பைப் பிடித்து இழுத்துக் காலடியில் போட்டேன். நிமிர்ந்து இருந்தேன். பரமு என் முகத்தைக் கண்டதும் அழுகையை நிறுத்தினான்.

ஹெக்டர் என்னைப் பார்த்தார். மூடியைக் கழற்றினார்.

"ஒண்டு…"

ஒருவரும் அசையவில்லை. எப்படி அசைவது? அசைந்தால் அவரவர் முகம் போய்விடும். காலை முழுக்கச் சண்டை பிடித்ததே அந்த முகத்துக்காகத்தானே? போடியாரின் மூச்சு என் காதருகே கேட்டது, வாய் மட்டும் திறக்கவில்லை. கதிர்காமத்தம்பி பல்லைக் கடிக்கிற சத்தமும் கேட்டது. நான் நேரே பார்த்தபடி இருந்தேன். "ரெண்டு… மூணு." மூடியைத் திரும்ப மாட்டினார், பாவாவைத் தவிர ஐந்து பேரும் ஒன்றாய் வெடித்தார்கள். இனித் தகடு இல்லை என்று ஹெக்டர் கையை விரித்துவிட்டார்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். படம் சட்டம் போட்டு வந்தது. என் முகம் தெளிவாகத்தான் இருந்தது. கீழே, சங்கத்து எழுதுவினைஞர் யாக்கோப்பு முத்து முத்தாய் எழுதியிருந்தார்: "இடமிருந்து இரண்டாவது: அங்கத்தவர் செல்வன் சா. பரமலிங்கம், தாயாருடன்."

"என்ன இது?" என்றேன்.

"போடியார் சொன்னார், எழுதினன். குடிக்கு ஒரு ஆம்பிளைப் பேர் வேணுமாம்" என்றார் யாக்கோப்பு. பேரை மாற்றச் சொன்னேன். கண்ணாடி போட்டாயிற்று என்றார். போடியாரிடம் போனேன். முகம் வந்திருக்கிறது, பிறகு பேரில் என்ன என்றார். புருஷனிடம் சொன்னேன். "படம் வடிவாத்தான் இருக்கு, அன்னம்" என்றார். சுவரோடு பேசியிருந்தால் சுவராவது இரங்கியிருக்கும்.

அடுத்த கூட்டம் நெற்சூடு மிதிக்கிற காலத்தில் வந்தது. ஆம்பிளைகளில் பாதிப்பேர் களத்து மேட்டில். சங்கத்துக்கு நாலு அங்கத்தவர் வராவிட்டால் கூட்டம் செல்லாது. வந்தது போடியாரும் பாவாவும் கதிர்காமத்தம்பியும்தான். போடியாரின் வயல் வட்டைக்குப் போகிற பாதையில் மதகு கட்டும் தீர்மானம் அன்றைக்கே நிறைவேற வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் மதகு இல்லை. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க தங்கச்சி, வாங்க! யாக்கோப்பு, எழுதுங்க. நாலு பேர் வந்தாச்சு."

"மூணு பேர்" என்றேன் நான், வாசல்படியில் நின்றபடியே.

"அப்ப நீங்க?"

"நான் தாயார். அங்கத்தவர் வீட்டுல ஏணையில நித்திரை, போடியார். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தன்."

முகைதீன்பாவா சால்வையால் வாயை மூடிக்கொண்டார். போடியார் என்னைப் பார்த்தார், சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார், யாக்கோப்பைப் பார்த்தார். யாக்கோப்பு ஒரு கதிரையை இழுத்துச் சுவரோரம் போட்டு, அதில் ஏறிப் படத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"பேர மாத்தி எழுதி முடிஞ்சதும் ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.