துணை வேண்டாம்

காலடிப்பேட்டைப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி வரிசையில் சொக்கம்மாளுக்குக் கால் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவள், காசிமேட்டில் இறால் உரிக்கிறாள். போன தேர்தலில், துணைக்கு வந்த கொழுந்தன் தண்டபாணியிடம் தான் நினைத்த சின்னத்தைச் சொல்லி அழுத்தச் சொன்னாள். மறுநாள் தெருமுனையில் அவன் குரல் கேட்டது: "எங்க அண்ணி ஓட்டும் நம்ம கட்சிக்குத்தான். நான்தானே குத்தினேன்."

அவள் சொன்ன சின்னம் அந்தக் கட்சியுடையது அல்ல. ஐந்து வருடமாக அவள் அதை மறக்கவில்லை. கணவன் கடலுக்குப் போயிருந்ததால் இன்றும் தண்டபாணிதான் கூட்டிவந்தான். அவனிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

விரலில் மை வைத்ததும் அதிகாரியம்மா, "துணைக்கு வந்தவர் இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க," என்றார்.

"துணை வேணாம்மா. நானே போட்டுக்கறேன்."

"இன்னா அண்ணி, வெளையாடறியா?" தண்டபாணியின் பிடி இறுகியது. "ஜனம் வெயில்ல காஞ்சிகினு கீது."

"கைய வுடு. எனக்குப் புள்ளி எழுத்து தெரியும். எட்டாவது வரைக்கும் படிச்சவ நானு."

அதிகாரி ஒரு கணம் தயங்கிவிட்டு, வேட்பாளர் பெயர்களைப் புள்ளி எழுத்தில் அச்சடித்த தாளை எடுத்துத் தந்தார். சொக்கம்மாள் ஆள்காட்டி விரலால் தடவினாள். ஒன்றும் பிடிபடவில்லை. இறால் முள் குத்திக் குத்தித் தோல் காய்த்துப்போயிருந்தது. பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். தண்டபாணி சிரித்தான். இடது கை மோதிர விரலை வைத்துப் பார்த்தாள். மெல்ல மெல்லப் புள்ளிகள் பெயர்களாயின. அவள் தேடிய பெயர் ஆறாவதாக இருந்தது.

வாக்கு இயந்திரம் இருந்த மறைப்பு வரை அதிகாரி கொண்டுபோய் விட்டார். தண்டபாணியும் பின்னாலேயே வந்தான்.

"அவங்க கேட்டாத்தான் நீங்க வரலாம். வெளிய நில்லுங்க," என்று அதிகாரி அவனைத் தடுத்தார்.

சொக்கம்மாள் மேலிருந்து பொத்தான்களை எண்ணினாள். பொத்தானுக்குப் பக்கத்தில் எண்ணைக் காட்டும் புள்ளிகளையும் தொட்டாள். ஆறுதான். நம்பிக்கை வராமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிறகு அழுத்தினாள். நீளமாக ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

வெளியே வந்ததும் தண்டபாணி, "எதுல போட்ட?" என்றான்.

"அத்த சொல்ல மாட்டேன்."

"கட்சில கேட்டா நான் இன்னா சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லு. நெசந்தானே?"

"அண்ணன் வரட்டும், பேசிக்கறேன்." அவன் செருப்புச் சத்தம் வேகமாகத் தேய்ந்து போனது. கூட்டிப்போக ஆளில்லை. வீட்டை நினைத்தால் திக்கென்றது. ஆனாலும் அவள் மடக்கி வைத்திருந்த கோலை விரித்து, சுவரோரமாகத் தட்டிக்கொண்டு நடந்தாள். கணவன் கரைக்கு வந்ததும், தண்டபாணி முந்திக்கொள்வதற்குள் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.