கவிழ்த்து வைத்த உருளி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பாதி வாக்கியமாகத்தான் கிடைத்தது. மீதியை நான் இட்டுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாகர்கோவிலில் என் அடுத்த வீட்டில் ஜான்ரோஸ் என்று ஒருவர் குடியிருந்தார். ஒரு பொங்கலன்று அவர் வீட்டுக்குத் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினோம். மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் வாளியைத் திருப்பித் தந்தார். திறந்தால் உள்ளே ஓர் எலுமிச்சம்பழம் உருண்டது. இது எதற்கு என்று கேட்டேன்.

"எங்க குடும்பத்துல பாத்திரத்த வெறுசாட்டு திருப்பிக் குடுக்க மாட்டோம் சார். அதுக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்துல, ராஜா ஆண்டுட்டு இருக்கும்போ, ஒரு கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு..."

அதற்குள் தெருமுனையில் அவருடைய பஸ் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அப்புறம் கேட்கலாம் என்று இருந்தேன். அந்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். காரணத்தை நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கையில் இருப்பது ஒரு கிறிஸ்துமஸ், ஒரு பாத்திரம், ஓர் எலுமிச்சம்பழம். பழத்தையும் ரசத்தில் பிழிந்தாயிற்று.

2

முதல் வரிக்காக நிறையத் தாள் கிழித்தேன்.

"மார்கழிப் பனியில் ஆலயமணி ஒலித்தபோது செல்லபாய்..." வேண்டாம். கிறிஸ்துமஸ் என்றதும் எல்லாரும் மணியைத்தான் அடிக்கிறார்கள்.

"சேவலுக்குத் தன் விதி தெரிந்திருக்கவில்லை." சேவலுக்கு மட்டுமா தெரியவில்லை? அடித்துவிட்டேன். ஆனால் சேவலை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

"செல்லபாய்க்கு ஓர் உருளி வேண்டியிருந்தது."

இது இருக்கட்டும். இதில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு ஒரு தேவை இருக்கிறது. கதைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

(உருளியைப் பார்த்திராதவர்களுக்கு: வாயகன்ற வெண்கலப் பாத்திரம், தூக்குவதற்கு இரண்டு காது, ஆள் கனம். பாயசம் வைக்க இதற்கு ஈடாக வேறு பாத்திரம் கிடையாது. பாயச விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.)

3

செல்லபாய்க்கு ஓர் உருளி வேண்டியிருந்தது. மயிலாடிக்கு வடக்கே அவளுடைய ஊர். ஊரில் உருளிக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது செத்துப்போன அம்மையின் உருளி. அது அக்காவிடம் இருந்தது. அக்காவோடு குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அக்கா முத்துக்கனி தன் தாய்மாமன் மகன் நாராயணபெருமாளைக் கட்டிக்கொண்டவள். மாமன் குடும்பம் அய்யாவழி, சபைக்கு வெளியே வேறொரு வழிபாடு. அப்பாவின் பெயர் இஸ்ரவேல், கிறிஸ்தவ சபையில் உபதேசியார். ஊருக்கெல்லாம் வேதம் சொல்கிறவரின் பேச்சைச் சொந்த மகள் கேட்கவில்லை என்று ஆகிப்போனது. அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. "இனி அவ எனக்க நடையில ஏறப்பிடாது" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அம்மைதான் யாருக்கும் தெரியாமல் தன் உருளியை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். அம்மை போனபிறகு, கண் மங்கிய அப்பா செல்லபாயின் வீட்டில் இருக்கிறார்.

செல்லபாயின் திட்டம் எளிது. வயிறு நிறைந்த அப்பாவிடம் எதையும் கேட்டு வாங்கலாம் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கிறிஸ்துமஸ் சாப்பாட்டை அம்மையின் கைப்பக்குவத்தில் போட வேண்டும். கடைசியில் பாயசம். அவர் விரலை நக்கிக்கொண்டிருக்கும்போது, "அக்காவ வரச் சொல்லட்டா அப்பா?" என்று கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை சமையலும்.

தேங்காய் எடுக்க, அக்கா வீடு இருக்கும் வட்டக்கோட்டைப் பக்கம் போன கணவன் ஜெயசிங்கின் வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைக் கீழே போடாமலே நிமிர்ந்தாள்.

"வழி தெரிஞ்சுதா ஒனக்கு?"

"உருளி வேணும் அக்கா. கிறிஸ்மஸுக்கு."

"ஒங்க ஊர்ல உருளியே இல்லியாட்டி?"

"இருக்கு. அம்மைக்க உருளி இல்ல."

முத்துக்கனி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். உருளியை இறக்கித் துடைத்தாள். பிறகு பரணிலிருந்து பழைய கருப்புக்கட்டியாகப் பார்த்து எடுத்து அதற்குள் அடுக்கினாள்.

"இது என்னத்துக்கு அக்கா?"

"வெறும் உருளியத் தூக்கிட்டுப் போவாவளா? பாயசத்துக்கு இதப் போடு. அப்பா சொகமா இருக்காவளா?"

"கண்ணு மங்கிப்போச்சு. நாக்கு மங்கல்ல."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நீ கூப்பிட்டா நான் வரமாட்டேன் செல்லம். அப்பா ஒரு வாக்கு சொன்னா ஓடி வருவேன், கேட்டியா?"

"சாப்பாடு முடிஞ்சதும் கேக்கேன். நானே உருளியத் தூக்கிட்டு வந்து சொல்லுதேன்."

4

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன்.

இந்த முத்துக்கனியை நான் இவ்வளவு நல்லவளாக எழுத நினைக்கவில்லை. முதல் வரைவில் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படியே விட்டிருந்தால் எனக்கும் நிம்மதி. எல்லாப் பழியையும் அவள் தலையில் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். ஆனால் உருளியைத் துடைக்கிற கையை எழுதியபோது அது தானாகப் பரணுக்குப் போய்விட்டது. அந்தக் கருப்புக்கட்டியை நான் வைக்கச் சொல்லவில்லை. எழுதுகிறவர்கள் இப்படிச் சொன்னால் நானும் நம்புவதில்லை. என்ன செய்ய?

5

விடிகாலை ஆராதனை முடிந்து எல்லாரும் வீடு திரும்பியபோது செல்லபாயின் அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. நாகர்கோவிலில் வாத்தியாராக இருக்கும் அண்ணன் சத்தியநேசன் மனைவியோடு வந்து இறங்கினான்.

சாப்பாட்டைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதி, பசி வந்து, எடுத்துவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன். தேங்காய் வறுத்தரைத்த கோழிக்குழம்பு. பருப்பு, நெய், பப்படம். தகர டப்பா நிறைய, பயற்றுமாவில் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து. கடைசியில் அக்கா கொடுத்த கருப்புக்கட்டியில், தேங்காய்ப்பால் விட்டு, சிறுபயற்றுப் பாயசம்.

எதுவும் பிசகவில்லை. சோறு குழையவில்லை, குழம்பு உப்புக் கரிக்கவில்லை. அம்மை செத்த நாளிலிருந்து பாதி இலையில் எழுந்துவிடுகிற அப்பா அன்று மறுசோறு வாங்கினார். சத்தியநேசன் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் ஓடையில் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னபோது புரையேறும்வரை சிரித்தார். செல்லபாய் அவர் தலையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தச் சிரிப்பை அந்த வீடு கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

இலையில் பாயசம் விழுந்தது. அப்பா மட்டி வாழைப்பழத்தை அதில் பிசைந்தார். பப்படத்தை நொறுக்கினார். ஒரு வாய் எடுத்தார்.

"மக்கா, இது ஒங்க அம்மைக்க பாயசம்லா."

"ஆமா அப்பா."

"எந்த உருளியில வச்ச?"

இப்போது சொல்ல வேண்டும். கேள்வி தானாகவே வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. செல்லபாய் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமான முகம். பெயரைச் சொன்னால் அது சுருங்குமே, கையை உதறிவிட்டு எழுந்துவிடுவாரே, அண்ணன் வாயடைத்துப் போவானே, இத்தனை பாடுபட்டு அமைந்த ஒரு நல்ல பந்தி நாசமாகுமே என்று நினைத்தாள். சாயங்காலம் கேட்கலாம். காப்பி குடிக்கும்போது கேட்கலாம்.

"அடுத்த வீட்ல கடமா வாங்கினது அப்பா."

அப்பா தலையாட்டினார். "நல்ல உருளி" என்றார்.

(கிறிஸ்தவ வீட்டுக் கதை. வேதத்தில் சீடன் தன் குருவைத் தெரியாது என்றபோது கூவியதுபோல, இந்த இடத்தில் ஒரு சேவல் கூவ வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் சேவல் குழம்பில் கிடந்தது.)

சாயங்காலம் அப்பா அயர்ந்து தூங்கினார். காப்பி நேரத்தில் சபையார் வந்துவிட்டார்கள். கேள்வி கேட்கப்படவே இல்லை. போகும்போது சத்தியநேசனின் மனைவி, "இப்பிடி ஒரு கிறிஸ்மஸ் சாப்பாடு நான் சாப்பிட்டதே இல்ல" என்றாள். சாப்பாடு நன்றாக அமைந்துவிட்டது. அதுதான் கேடாக முடிந்தது.

6

மறுநாள் காலை செல்லபாய் கிணற்றடியில் உருளியைத் தேய்த்தாள். புளி போட்டு ஒரு தரம், சாம்பல் போட்டு ஒரு தரம், மோந்து பார்த்துவிட்டு மறுபடியும். அக்கா வீட்டில் இறைச்சி ஏறாது. அத்தான் அய்யாவழிக் கோயிலான தாங்கலில் பணிவிடை செய்கிறவர். கோழி வெந்த அடுப்படியிலிருந்து ஒரு பொட்டு வாசனையும் அங்கே போகக்கூடாது என்று பார்த்தாள். முந்திரிக்கொத்து டப்பாவைத் திறந்தாள். கோழி வதக்கிய சட்டியில்தானே இதையும் பொரித்தோம் என்று மூடிவிட்டாள். பளபளவென்று, வெறுமையாக, உருளியை ஜெயசிங்கின் வண்டியில் ஏற்றினாள்.

"நீயும் வாறியா?"

"எனக்கு மேலு வலிக்கு. நீங்களே குடுத்திருங்க."

இதுதான் அவள் எனக்குச் சொன்ன காரணம். மரியாதைக்காகத்தான் வெறுமையாக அனுப்பினாளாம். எனக்கு அரைமனதுதான்.

அவள் அடுப்படியில் பிடியரிசிப் பானை உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று அதில் போடுவாள். அப்படிப் பழகிய கைக்கு, அக்காவின் உருளியில் ஒரு பிடி பச்சரிசி போடத் தோன்றாமலா போயிருக்கும்? பச்சரிசிக்கு என்ன தீட்டு? ஆனால் அப்பா அடுப்படி வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மங்கினவருக்குக் காது கூர்மை. அரிசி விழுகிற சத்தம் கேட்டால், "அது ஆருக்கு மக்கா?" என்று கேட்பார்.

பயமா, மரியாதையா? இரண்டும் கலந்திருந்தால் எது எவ்வளவு? அவளைப் படைத்தவன் நான்தான், எனக்கே தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். தெரியாததால்தான் சாகும்வரை அது அவளை விடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பாயசத்தை அத்தனை காலம் சாப்பிட்ட மனிதர், மனைவியின் உருளி எங்கே போயிற்று என்று அறியாதவரா? "எந்த உருளியில வச்ச?" என்று அவர் கேட்டதே, அந்தப் பெயரை யாராவது தன் காதில் சொல்ல மாட்டார்களா என்றுதானோ? தானே சொன்ன தடையைத் தானே எடுக்க முடியாமல், மகள் எடுத்துத் தரட்டும் என்று... 

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

7

மாலையில் ஜெயசிங் திரும்பி வந்து மாட்டை அவிழ்த்தான். செல்லபாய் தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"அக்கா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல்ல. நீ வருவேன்னு நெனச்சிருப்பா போல, வண்டிக்குப் பொறத்தால எட்டிப் பாத்தா. பொறவு உருளிக்குள்ள பாத்தா."

"பொறவு?"

"செரின்னு சொன்னா. வாங்கி முற்றத்துல கமத்தி வச்சா. அவ்வளவுதான்."

செல்லபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வெறும் உருளியையே அப்பாவின் பதிலாக, வர வேண்டாம் என்பதாக, அக்கா எடுத்துக்கொண்டிருக்கிறாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, மாடு கட்டுகிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். நாளைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். என்னவென்று சொல்ல? கேட்கவே இல்லை என்றா? நாளை அடுத்த வாரம் ஆயிற்று. அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்பா போய்விட்டார். சேதி கேட்டு வந்த முத்துக்கனி, அப்பா சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடையில் ஏறாமல், தெருவில் நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள்.

8

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் செல்லபாய் உருளி நிறைய முந்திரிக்கொத்து வைத்தாள். அக்கா அதே வண்டியில் ஏறி வந்தாள். இஸ்ரவேல் கைகளை நீட்டினார். எழுதி முடித்தபோது நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் அந்த முடிவில் ஜான்ரோஸின் வாக்கியத்துக்கு இடமில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு பாத்திரம் என்றோ வெறுமையாகப் போயிருந்தால் அல்லவா எனக்கு எலுமிச்சம்பழம் வந்திருக்கும்?

இன்னொன்றில் அப்பா சாகும் தறுவாயில் பாயசம் கேட்டார். அது நாடகத்தனமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்கிறேன்: அதற்குப் பிறகு செல்லபாயின் வீட்டிலிருந்து எந்தப் பாத்திரமும் வெறுமையாகப் போகவில்லை. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பச்சைமிளகாய், இரண்டு கல் உப்பு. மருமக்கள் சிரித்தார்கள். வெகுகாலம் அவள் காரணம் சொல்லவில்லை. காலம் கடந்து, வேறு வேறு வாசல்களுக்கு, அந்த ஒரு பிடி அரிசியை அவள் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

9

முடிவை நான் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். அதை எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே உங்களை மறுபடியும் அந்தக் காலைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

வெயில் ஏறவில்லை. உருளி தேய்த்துக் காய்ந்தாயிற்று. முந்திரிக்கொத்து டப்பா அங்கேதான் இருக்கிறது. பிடியரிசிப் பானைக்கு மூடி இல்லை. இஸ்ரவேல் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுகிறார், ஏதோ கேட்கப்போகிறவர் மாதிரி. ஜெயசிங் மாட்டைப் பூட்டுகிறான். செல்லபாய் முந்தானையால் உருளியை ஒருமுறை துடைத்துவிட்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. என்னை நம்பி ஒருமுறை கெட்டவள் அவள்.

உருளியை உங்களிடம் நீட்டுகிறாள். கனமாகத்தான் இருக்கும், இரண்டு காதையும் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி இன்னும் புறப்படவில்லை.

ஏதாவது வையுங்கள்.