கழற்ற வேண்டாத வாட்ச்

உமா மகேஸ்வரி அந்த வாட்சைக் கோபத்தில்தான் வாங்கினாள். டயல் நீலத்தில் வேண்டுமா வெள்ளையிலா என்று திருநெல்வேலிக் கடைக்காரர் கேட்டபோது, "ஏதாவது ஒண்ணு குடுங்க" என்றாள். புருஷனுக்குப் பரிசு வாங்க வந்தவள் மாதிரியே அவள் முகம் இல்லை. அதுவும் சுவிஸ் வாட்ச்தான். வங்கியில் அவள் வாங்கும் சம்பளத்துக்கு அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் அவள் புருஷன் விஸ்வநாதன் இருபத்தைந்து வருஷமாகக் காத்திருந்தது அதற்கல்ல.

விஸ்வநாதன் கால்நடை மருத்துவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புளியறைக்கு அந்தப் பக்கம் மலைமேல் ஒரு எஸ்டேட்டுக்குப் பசுவின் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். இவர் போய்ச் சேர்வதற்குள் எஸ்டேட் முதலாளியே முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பிக்கொண்டிருந்தார். கன்று விழுந்ததும் மனுஷன் குழாயடிக்குப் போய்க் கையை நீட்டினார். ரத்தமும் சளியும் வழிந்தோட, மணிக்கட்டில் ஒரு ரோலெக்ஸ் துலக்கி வைத்த மாதிரி மின்னியது. அதை அவர் கழற்றவே இல்லை. அதுதான் விஸ்வநாதனைப் பிடித்துக்கொண்டது. இவர் தன் வாட்சைத் தொழுவத்துக்குத் தொழுவம் கழற்றிச் சட்டைப்பையில் போடுகிறவர். பாதி நாள் அங்கேயே மறந்துவிட்டு வருவார்.

"ஒருநாள் அத வாங்குவேன் உமா. வாங்கிட்டா அப்புறம் கழட்டவே மாட்டேன் பாத்துக்க" என்று கல்யாணமான வருஷமே சொன்னார். அவள் சிரித்தாள். வெளியே வைத்தியத்துக்குப் போனால் கிடைப்பதில் கொஞ்சம் அதற்கென்றே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. குத்துக்கல்வலசையில் வீடு கட்டினார்கள். மகள் மீனாவைப் படிக்கவைத்துப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்தப் பணத்தை மட்டும் அவர் தொடவில்லை. அவர் ஒரு படி ஏறினால் வாட்சின் விலை இரண்டு படி ஏறியது.

"அதுல பாதிகூட வேண்டாம். நல்லதா ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிடுங்களேன்" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"இத வாங்கிட்டா அத வாங்கவே மாட்டேன் உமா. என்னப் பத்தி எனக்குத் தெரியும்லா."

பிறகு ஒரு தை மாதம், பக்கத்துத் தெருவிலேயே ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது. கன்றின் காலைப் பிடித்திருந்த விஸ்வநாதனின் இடது கை வழுக்கியது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. பசுக்காரர் கையைக் கொடுத்துத்தான் அந்தக் கன்று வெளியே வந்தது. சளி பட்டு வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னார். அடுத்த மாதம் சட்டைப் பித்தான் போட வரவில்லை. கட்டை விரலுக்குக் கீழே சதை குழிந்து போயிருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய டாக்டர் ஊசிகளைக் குத்திப் பார்த்துவிட்டு, இது நரம்பு செத்துக்கொண்டே போகிற நோய், மருந்து கிடையாது, கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு என்று ஒளிக்காமல் சொன்னார். "ரொம்பத் தூரத்துக்குத் திட்டம் போடாதீங்க."

வீட்டுக்கு வந்து விஸ்வநாதன் செய்த முதல் காரியம் கொச்சி ஷோரூமுக்கு போன் போட்டதுதான். காத்திருப்போர் வரிசையில் எப்போதோ பதிந்து வைத்த தன் பெயர் எங்கே நிற்கிறது என்று கேட்டார். மகளுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த உமா கரண்டியை நங்கென்று மேடையில் வைத்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலி பஸ் ஏறினாள்.

அவள் வாங்கி வந்த வாட்சை அவர் கட்டிக்கொண்டார். "நல்லாருக்கு" என்றார். கொக்கியை அழுத்த விரலில் பலமில்லாததால் தினமும் காலையில் அவள்தான் மாட்டிவிட்டாள். மணி பார்ப்பதற்கு மட்டும் அவர் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் ஐந்தருவிக்குப் போகவேண்டும் என்றார். வருஷம் தவறாமல் போகிறதுதான். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் முதுகைத் தட்டி உருட்டிவிட்டு இடது கைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இந்தக் கையில சதையே இல்லியே?"

"தேஞ்சு போச்சு. நீ தேய்ச்சதுல்லா" என்றார் விஸ்வநாதன். அந்த ஆள் சிரிக்கவில்லை. மிச்சக் கையைப் பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவிவிட்டு எழுந்து போனார்.

அருவிக்குப் போகும் படியில் விஸ்வநாதன் திரும்பினார். எண்ணெய் படக்கூடாது என்று உமா வாட்சை அவருடைய கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

"இத அருவியில நனைக்கலாமா?"

"வேண்டாம்னு கடைக்காரர் சொன்னாரு. கை கழுவலாமாம்."

"அப்ப இதயும் கழட்டித்தான் வைக்கணும்."

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் அவளை உரசியது. "இருக்கிற காலத்துக்கு ஒண்ணு கட்டிப் பாக்கட்டுமேன்னு வாங்கினேன். தப்புன்னா தப்புதான்" என்றாள்.

"டாக்டருக்குப் படிக்கணும்னு இருந்தேன். மார்க்கு பத்தல; மாட்டு டாக்டரானேன். மெட்ராஸ்ல ஆராய்ச்சி வேல வந்துது. அப்பா வயலப் பாக்க ஆளில்லன்னாவ, இங்கனயே இருந்துட்டேன். எல்லாத்துலயும் இது போதும் இது போதும்னே வந்துட்டேன் உமா. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பிடிவாதமா நின்னேன்."

"நானும் அந்தப் போதும்ல ஒண்ணா?"

அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவர் சமாளித்திருக்கலாம். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கேட்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார். கூட்டத்தில் அவர் தலை தெரிகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்தது. சாரலில் எல்லார் முகமும்தான் நனைந்திருந்தது.

வீட்டில் அந்தக் கேள்வியை இரண்டு பேருமே மறுபடி எடுக்கவில்லை.

ஐப்பசியில் கொச்சியிலிருந்து போன் வந்தது. வாட்ச் வந்துவிட்டது. அதற்குள் விஸ்வநாதன் கம்பு ஊன்றி நடந்தார். பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது. போனை எடுத்தது உமாதான். வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அவள் பிச்சைமணியின் காரை வரச் சொன்னாள். பக்கத்துத் தெருக்காரன், ஆஸ்பத்திரிக்கெல்லாம் அவன்தான் ஓட்டிக்கொண்டு போகிறவன்.

ஷோரூமில் ஜெஸி என்ற பெண் வெல்வெட் தட்டில் வாட்சை வைத்துக்கொண்டு வந்தாள். "சார், கை கொஞ்சம் நீட்டணும்" என்றாள். உமா அவர் இடது கையைத் தூக்கித் தட்டில் வைத்தாள். ஜெஸி ஒரு நொடி தயங்கிவிட்டு மாட்டினாள். வளையம் தொங்கியது. கண்ணிகளைக் கழற்றிக் கொண்டுவந்தாள், அப்போதும் தொங்கியது. இதற்குமேல் கழற்ற முடியாது என்றாள். எலும்பைச் சுற்றி வாட்ச் தானாகவே உருண்டு, முகம் கீழ்ப்பக்கம் போய்விட்டது.

பார்க்கவேண்டும் என்று விஸ்வநாதன் கையைத் தூக்கினார். பாதி உயரம் வரை வந்தது. பிறகு வாட்சோடு சேர்ந்து கண்ணாடி மேஜைமேல் விழுந்தது. ஜெஸியின் கண் முதலில் வாட்சுக்குப் போய், அப்புறம்தான் அவர் முகத்துக்கு வந்தது.

"கழட்டு உமா."

"வாங்குவோம். கட்ட முடியாட்டாலும் பக்கத்துல கிடக்கட்டும். இத்தன வருஷம் ஆசப்பட்டது..."

"கழட்டுன்னா கழட்டு."

வரிசையில் அடுத்த ஆளுக்குச் சொல்லிவிடுவோம், சாருக்குக் கஷ்டம் வேண்டாம் என்று ஜெஸி மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. வாட்ச் பெட்டிக்குள் போனதை அவர் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது புளியறைச் சோதனைச் சாவடியில் லாரிகள் நீளத்துக்கு நின்றன. பிச்சைமணி காரை ஓரங்கட்டினான். அங்கிருந்த கடையில் ஒரு மேஜையில் அவன் பரோட்டா சாப்பிட, இன்னொன்றில் உமா இட்லியைப் பிசைந்து புருஷனுக்கு ஊட்டினாள். நாலு பேர் பார்க்க ஊட்டுவது அதுதான் முதல் தடவை.

"அருவியில... கேட்டேல்லா" என்றார்.

"என்ன கேட்டேன்?"

"ஆமா. அப்ப... நீயும் அந்தப் போதும்தான். சரின்னுதான் கட்டினேன். அப்புறம்..." நாக்கு அதற்குமேல் புரளவில்லை. அந்த 'அப்புறம்' அப்படியே நின்றது. அவள் அடுத்த வாயைப் பிசைந்தாள்.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். "பாளையங்கோட்டையில ஒரு காலேஜ் வாத்தியார் என்னப் பொண்ணு பாத்துட்டுப் போனாரு. எனக்குப் பிடிச்சிருந்துது. அவங்ககிட்ட இருந்து பதிலே வரல. தபால்காரர் மணிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். அப்புறம் நீங்க வந்தீங்க. இதாவது கெடச்சுதேன்னு தலைய ஆட்டிட்டேன்."

அவர் கண் விரிந்தது. "பேரு?"

"மறந்துட்டு."

"பொய்யி" என்று சொல்லிச் சிரித்தார். வாயில் இட்லி இருந்தது. சிரிப்பு பாதியில் அடைத்துக்கொண்டது. முகம் சிவந்து கறுத்தது. உமா அவர் தலையைத் தன் மடியில் கவிழ்த்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். பிச்சைமணி எச்சில் கையோடு ஓடிவந்து தோளைப் பிடித்தான். கடையே எழுந்து நின்றது. துண்டு வெளியே வந்து மூச்சு திரும்பியதும், மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய அவர் அவள் சேலையைப் பற்றிக்கொண்டார். வலது கையில் இன்னும் கொஞ்சம் பிடி இருந்தது.

வாட்சுக்குச் சேர்த்த பணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலும், தொண்டையில் சளி உறிஞ்சும் மெஷினும் வீட்டுக்கு வந்தன. பகலில் பார்த்துக்கொள்ள மூக்கம்மாள் என்ற அம்மாளை வைத்தார்கள். மாசியில் பேச்சு முழுதாக நின்றது. வங்கியிலிருந்து வந்ததும் உமா கட்டில் பக்கம் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முந்தைய கதைகளையெல்லாம் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொல்லாதவை. சிலது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் சொன்னாள். அவர் கண் மூடாமல் கேட்டார்.

வைகாசி கடைசியில் ஒரு காலை, மூக்கம்மாள் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது விஸ்வநாதனின் மூச்சு நின்றது. அந்த வருஷம் சாரல் முந்திவிட்டது. துஷ்டி கேட்க வந்தவர்கள் குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு வந்து, கஷ்டப்படாமல் போனாரா என்று கேட்டார்கள். உமா தலையை ஆட்டினாள்.

பதினாறாம் நாளுக்கு முன்தினம் அவருடைய தங்கை முத்துவடிவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மதினி, படையலுக்கு அண்ணனுக்குப் பிடிச்சதா வைக்கணும்லா. என்னன்னு சொல்லுங்க."

உமா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். முத்துவடிவு காத்துக்கொண்டிருந்தாள்.

"சொதி வைங்க" என்றாள் கடைசியில். "இஞ்சிப் பச்சடியும். தேங்காய்ப்பால் கெட்டியா இருக்கணும். தண்ணியா இருந்தா சாப்பிட மாட்டாவ."