உதிரிப் பழம்

புலாவ் செபாங் ரயில் நிலையத்து வாசலில் காடியை நிறுத்திவிட்டு இறங்கிய சின்னப்பன், முன்கண்ணாடியின் இடப்பக்கத்தை உள்ளங்கையால் மூடிப் பார்த்தார். கை போதவில்லை. விரிசல் சிலந்திக்கால்களாக விரல்களுக்கு வெளியே நீண்டிருந்தது.

வரும் வழியில், முன்னால் போன செம்பனை லோரியிலிருந்து ஒரு பழம் உதிர்ந்தது. கட்டைவிரல் பருமன்தான். தார்ச்சாலையில் ஒரு குதி, அடுத்த குதி கண்ணாடியில். யோசித்துப் பார்த்தால் பழத்தின் மேல் குற்றமில்லை. அது பாட்டுக்கு அந்தரத்தில் இருந்தது. இவர்தான் எண்பதில் போய் அதன் மேல் விழுந்தார். ஓரங்கட்டி, வைப்பரடியில் சிக்கிக் கிடந்ததை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஓர் உண்மையும் அதற்கொரு சாட்சியும் அவரிடம் ஒருசேர இருந்தது வாழ்க்கையில் இதுதான் முதல்முறை.

சிக்கலும் அதுதான். போன வருடம் பானட் நெளிந்தபோது, குருபோங் பக்கம் காண்டாமிருக வண்டு ஒன்று எதிரே வந்து மோதியதாகச் சொன்னார். மோதிய வண்டு கொம்பைத் தடவிக்கொண்டு பறந்துபோனதையும் விடாமல் சொன்னார். பக்கக் கண்ணாடி உடைந்ததற்கு ஒரு மங்குஸ்தீன் பொறுப்பேற்றது. வண்டு என்பது மாதா கோயில் கேட்டுத் தூண். மங்குஸ்தீன், பக்கத்து வீட்டு வேன். இன்னொரு கீறல் விழுந்தால் சாவி தன்னோடு கோலாலம்பூர் வந்துவிடும் என்று மகள் பமேலா போனில் நிதானமாகச் சொல்லியிருந்தாள்.

சாவி போனால் பாயா ரும்புட் வீட்டின் நாலு சுவர்தான் மிச்சம். மனைவி பாட்ரீசியா இறந்த பிறகு அவர் வாய்விட்டுப் பேசுவதெல்லாம் ரயிலடிக்கு எதிரே இருக்கும் அப்துல் வஹீதின் கடையில்தான். மகள் வராத சனிக்கிழமைகளிலும் வருவார். ரயில் வரும், அவருக்கென்று யாரும் இறங்க மாட்டார்கள். ஒரு கோப்பை தே குடித்து, ஒரு பொய் சொல்லிவிட்டுத் திரும்புவார். வஹீது நம்பியதே இல்லை. ஆனால் கதை முடியாமல் கல்லாவை விட்டு எழுந்ததும் இல்லை.

ரயில் வந்தது. இன்று பமேலா இறங்கினாள். கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு அவரை.

“இந்தத் தடவ யாருப்பா? ஈயா, கொசுவா?”

“செம்பனப் பழம்மா. லோரியிலேர்ந்து விழுந்துச்சு.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் நசுங்கி எண்ணெய் கசிந்திருந்தது. சட்டையிலும் ஆரஞ்சுக் கறை.

“சாட்சிய வேற பொறுக்கிட்டு வந்திருக்கீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. “ஆள யாரையாச்சும் இடிச்சிட்டீங்களாப்பா? சொல்லிடுங்க.”

“இல்லம்மா. உங்கம்மா மேல சத்தியமா.”

“வண்டுக்கும் இதான சொன்னீங்க.”

அவள் கையை நீட்டினாள். சாவியை வைத்தார்.

பாட்ரீசியாவின் இருக்கையில் அவர் அதுவரை உட்கார்ந்ததில்லை. அவள் முன்னால் இழுத்துப் போட்டது அப்படியே இருந்தது. முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. பின்னால் தள்ள மனம் வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் விரிசலுக்கு அந்தப் பக்கம்தான் சாலையே இருந்தது.

முன்னால் ஒரு செம்பனை லோரி. பமேலா அப்பனைப் போலவே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். குவியலின் விளிம்பில் ஒரு பழம், குழிக்குக் குழி சாய்ந்து சாய்ந்து நின்றது. விழு, என்று கேட்டுக்கொண்டார் சின்னப்பன். ஒரே ஒரு அடி. சாவி மன்னிப்போடு திரும்பி வந்துவிடும். வேகமுள்ளைப் பார்த்தார், தொண்ணூறு. பழத்தைப் பார்த்தார். அது விழுந்தால் இந்தப் பக்கம் வராது, வலப்பக்கம் போகும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் மகளின் முகம் இருந்தது.

“கொஞ்சம் மெதுவாப் போம்மா.”

அவள் காலை எடுத்தாள். லோரி விலகிப் போனது.

“பாத்தீங்களா, இப்படி ஓட்டுனா ஒன்னும் வந்து அடிக்காது லா.”

தூரத்து வளைவில் லோரி திரும்பியபோது பழம் உதிர்ந்தது. பமேலா பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிசலின் வழியே அவருக்கு அது ஏராளமான பழங்களாகத் தெரிந்தது. எல்லாம் ஒன்றாகத் துள்ளி, ஒன்றாக உருண்டு, சாலையோரப் புல்லுக்குள் போயின.