கரண்ட் வரும் விதம்

"பொண்ணு கவனப்பிசகா பச்சைப் பட்டனை அமுக்கிருக்கு, அம்புட்டுதான் சார். போர்டுல ஒரு கொறையும் இல்லேன்னு நீங்க பேக்டரி இன்ஸ்பெக்டர்ட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா சோலி முடிஞ்சிரும்" என்று தவசிமுத்து சொல்லிக்கொண்டிருந்தபோது, மாஜிதா அவருக்குப் பின்னால் கதவருகே, சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றிருந்தாள். தவசிமுத்து ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியின் சூப்பர்வைசர். அவர் சொன்ன பொண்ணு மாஜிதாவின் தங்கை அப்ரோஸ் பேகம். அவளை அடக்கம் செய்ய மையத்து எடுத்த அன்று இதே மனிதர்தான் வீட்டு வாசலில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தங்கமான பிள்ளை, வேலையில் அப்படி ஒரு கவனம் என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கவனம் இப்போது எங்கே போயிற்று என்று கேட்க மாஜிதாவுக்கு நாக்கு துடித்தது.

வொர்க்ஷாப் முதலாளி முத்துராமலிங்கம் அவளைப் பார்த்துவிட்டார். அப்ரோஸின் மிசினிலிருந்து கழற்றி, மேஜைமேல் தினத்தாளில் பொதிந்து கிடந்த போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ இன்னைக்கு வீட்டுக்குப் போம்மா. இதை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"நான்தான் சார் பார்ப்பேன்."

தவசிமுத்து திரும்பிப் பார்த்து எழுந்துவிட்டார். "சாயந்தரம் போன் போடுதேன் சார்" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். கீழே அவருடைய பைக் கிளம்பும் சத்தம் கேட்டதும் மாஜிதா பையை இறக்கி வைத்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வொர்க்ஷாப். முத்துராமலிங்கம் சிப்புக்குப் புரோகிராம் எழுதுவார். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்த மாஜிதா ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, போர்டுகளைப் பற்றவைத்து, ஓட்டிப் பார்த்து அனுப்புவாள். தொண்ணூற்று மூன்றில் அந்தப் பக்கத்தில் இதெல்லாம் புதுசு. பேண்டேஜ் துணியைச் சுருட்டும் மிசினில் எத்தனை மீட்டர் ஓடிற்று என்று எண்ணி, கணக்கு முடிந்ததும் தானே நிறுத்துகிற போர்டு அது. பச்சைப் பட்டனை அமுக்கினால் சிப் தன் கம்பிக் கால்களில் ஒன்றை உயர்த்தும், அதாவது அதில் கரண்ட் விடும். உடனே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ரிலே 'டப்'பென்று பிடித்துக்கொள்ளும். பிடித்தால், சிப் நிறுத்தச் சொல்லும்வரை விடாது. கம்பெனியில் ஒன்பது மிசினுக்கு அது போயிருந்தது. அதில் ஒன்றில்தான் அப்ரோஸுக்கு வேலை. "உன் டப்பா நல்லா எண்ணுதுக்கா. எங்க சூப்பர்வைசருக்கு எண்ணவே வராது, அவிய பத்துக்கு மேல விரலைத் தேடுவாவ" என்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மிசின்களில் உருளைகளுக்கு நடுவே நூல் பிசிறு சேர்ந்துகொண்டே இருக்கும். மிசினை நிறுத்திவிட்டு அதை எடுத்தால் தவசிமுத்து கத்துவார். அதனால் கரண்ட் போனதும் எல்லாப் பெண்களும் குனிந்து, முழங்கை வரை உள்ளே விட்டுப் பிசிறைப் பிடுங்குவார்கள். பழகிப் போன வேலை, சொல்லிக்கொடுக்கக்கூட வேண்டியதில்லை. அன்றும் கரண்ட் போனது, அப்ரோஸ் குனிந்தாள், கரண்ட் வந்தது. உருளை முதலில் தாவணியைத்தான் இழுத்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்கள் சொன்னதை மாஜிதா அம்மாவிடம் சொல்லவில்லை.

போர்டைப் பிரித்தாள். பெட்டியின் ஓரத்தில் பிசிறு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் விட்டாள். பெரிய ரிலேவைக் கோத்து, ஸ்விட்சைப் போட்டாள். போர்டின் எண்ணில் சைபர் வந்தது, ரிலே அசையவில்லை. அணைத்து, காத்திருந்து, மறுபடி போட்டாள். சைபர். இப்படியே வெயில் ஜன்னலை விட்டு நகரும்வரை செய்தாள். முத்துராமலிங்கம் புரோகிராமை வரி வரியாக விரலால் தொட்டுப் படித்துவிட்டு, "பட்டனை அமுக்காம ஓட வழியே இல்ல மாஜிதா. எனக்கும் அந்தப் பிள்ளைய நெனச்சா வருத்தந்தான். ஆனா சிப்பு பொய் சொல்லாது" என்றார்.

சிப்பு பொய் சொல்லாது. அப்படியென்றால் அப்ரோஸ் சொல்கிறாளா? மண்ணுக்குள் கிடப்பவள் எழுந்து வந்து, நான் பட்டனைத் தொடவில்லை என்று இவருக்கு நிரூபிக்க வேண்டுமா? கையிலிருந்த மல்ட்டிமீட்டரை வீசிவிடத் தோன்றியது. அப்போதுதான் துக்கத்துக்கு வந்திருந்த கருத்தம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அப்ரோஸுக்கு அடுத்த மிசினில் வேலை பார்ப்பவள். "அன்னைக்கு மிசின் சுத்துது தாயி, உங்க டப்பால சைபரே நிக்கி. இதுக்கு முந்தியும் ரெண்டொரு தடவை இப்பிடித் தானா ஓடிருக்கு. தவசிமுத்துட்ட சொன்னா, ஏட்டி, பேயி வந்து ஓட்டுதாக்கும்னாரு." அழுகைச் சத்தத்தில் அன்று அது காதோடு போய்விட்டது.

பட்டனை அமுக்கினால்தான் போர்டு எண்ணத் தொடங்கும், அமுக்கியிருந்தால் எண்ணிக்கை ஓடியிருக்க வேண்டும். சைபரே நின்றதென்றால் புரோகிராம் மிசினை ஓட்டவில்லை.

பிறகு, ராஜபாளையத்தில் கரண்ட் எப்படி வரும் என்பதை யோசித்தாள். ஒரே மூச்சில் வருமா? ஒருநாளும் வந்ததில்லை. வரும், போகும், வரும், இமைத்துவிட்டுத்தான் நிற்கும். இங்கே மாடியில் ஸ்விட்சை ஒரே தரம் போட்டுப் பார்த்துத்தான் ஒன்பது போர்டும் தேறிப்போயிருந்தன. மாஜிதா ஸ்விட்சில் விரலை வைத்து, போட்டு, அணைத்து, போட்டு, அணைத்து, போட்டாள்.

'டப்.'

பெரிய ரிலே பிடித்துக்கொண்டது. எண்ணில் சைபர்.

கரண்ட் வந்ததும் சிப்பைத் தட்டி எழுப்பி முதல் வரியிலிருந்து தொடங்க வைப்பது ஒரு சின்ன கபாசிட்டரின் வேலை. கரண்ட் போய் நின்று வந்தால் அது காலியாகி, மறுபடி நிறைந்து, ஒழுங்காகத் தட்டும். இமைத்து வந்தால் காலியாக நேரமிருக்காது, தட்டாது. சிப் அரைத் தூக்கத்தில் கால்களை எல்லாம் உயர்த்திக்கொண்டு நிற்கும். பிறகு தெளிந்து, ஒன்றும் தெரியாததுபோல் சைபர் காட்டும். அதற்குள் ரிலே பிடித்திருக்கும்.

முத்துராமலிங்கம் நெற்றியைத் தேய்த்தார். அவளையே மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் 'டப்.'

"தானா ஓடுதுன்னு தவசிமுத்து உங்ககிட்ட சொன்னாரா சார்?"

"போன்ல ஒருக்க சொன்னாரு. யாராவது பட்டனை இடிச்சிருப்பாங்கன்னேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு சின்ன ஐசி போட்டா சரியாயிரும். ஞாயித்துக்கிழமை நம்ம ரெண்டு பேரும் போயி, சத்தமில்லாம எட்டையும் மாத்திட்டு வந்துருவோம். இன்ஸ்பெக்டர் வந்து போகட்டும். இது வெளிய தெரிஞ்சா நானும் இல்ல, இந்தக் கடையும் இல்ல. உன் சோறும் இதுலதான."

"சத்தமில்லாமயா?" மாஜிதாவின் குரல் கீழே பாத்திரக்கடைக்குக் கேட்டிருக்கும். "என் தங்கச்சி கத்துனது சேத்தூர் வரைக்கும் கேட்டுருக்கும் சார். உங்களுக்குச் சத்தமில்லாம வேணுமோ? ஞாயித்துக்கிழமை வரைக்கும் கரண்ட் போகாம பாத்துக்கிடுவீங்களா? அவ கவனமில்லாதவன்னே செத்துக் கிடக்கட்டும், உங்க சிப்பு யோக்கியனா இருக்கட்டும். அப்பிடித்தான?"

அவள் போர்டைப் பிடுங்கிப் பையில் சோற்றுத் தூக்குக்கு மேல் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று இருந்தது. அழ அவளுக்கு விருப்பமில்லை.

கம்பெனி ஷெட்டில் எட்டு மிசின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அப்ரோஸின் மிசினில் மட்டும் சாக்கு போட்டிருந்தது. வாசலில் தவசிமுத்து வழிமறித்தார். கரண்ட் இமைத்து வந்தால் மிசின் தானாக ஓடும் என்று அவள் மூச்சு வாங்கச் சொன்னதைப் பாதியிலேயே வெட்டினார். "அத உங்க சார் வந்து சொல்லட்டும். துக்க வீட்டுக்காரி, இங்கெல்லாம் வரப்படாது. போ தாயி."

அப்போது கரண்ட் போனது. மிசின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பெண்கள், ஒருவரும் சொல்லாமல், குனிந்தார்கள்.

"கையை உள்ள விடாதீங்க!" என்று கத்திக்கொண்டே மாஜிதா அவரைத் தாண்டி ஓடி, சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சின் கைப்பிடியை அணைக்கிற பக்கமாகக் கீழே இழுத்து, இரண்டு கையாலும் தொங்கினாள்.

"கிடைக்கிறதே செத்த நேரம். இதையும் வந்து கெடுக்கா பாரு" என்று ஒருத்தி உள்ளே விட்ட கையை எடுக்காமலே சலித்துக்கொண்டாள்.

"விடுட்டி கையை! கரண்ட் வந்தா வேலை கிடக்கு!" தவசிமுத்து கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினார்.

"உங்க பிள்ளை கைய மொதல்ல உள்ள விடுங்க. பொறவு நான் விடுதேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஷெட்டின் குழல்விளக்கு மின்னியது, அணைந்தது, மறுபடி மின்னியது. அதைப் பார்த்த கருத்தம்மா உருளைகளுக்கு நடுவிலிருந்து மெல்லக் கையை உருவினாள். முழங்கை வரை வெள்ளைப் பிசிறு. அப்படியே நடந்து வந்து, மாஜிதாவின் விரல்களுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் கீழே இழுக்க, அவர் மேலே தள்ள, கைப்பிடி நடுங்கியது. மற்றவர்கள் குனிந்த நிலையிலேயே, கையை உள்ளே வைத்தபடி, தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.