அடைப்புக்குறிக்குள் இருந்தது

என் கணவர் வெங்கடநாராயணன் தவறிப்போய் மூன்று மாதம் கழித்து நான் அலுவலகம் திரும்பினேன். பாலிகஞ்சில் ஒரே கம்பெனியில்தான் இருவரும் வேலை பார்த்தோம். தேயிலைக் கிடங்குகளின் தராசுகளுக்கு ப்ரோக்ராம் எழுதும் வேலை. என் நாற்காலியை யாரோ மாற்றியிருந்தார்கள். கேட்கத் தெம்பில்லை.

அந்த வாரமே மது என் மேசையருகே வந்து நின்றான். பவானிபூரில் பிறந்து வளர்ந்த தமிழன், எங்களுக்கு இளையவன். அக்கா, அண்ணா என்பதற்கு வங்காளிகள் போல 'தி', 'தா' என்பான்.

"ஷியாமளா-தி, தப்பா எடுத்துக்காதீங்கோ. கிடங்குல ப்ரோக்ராம் தினம் நின்னுபோறது. வெங்கட்-தாவோட ஃபங்ஷன்லதான் கோளாறு. கிளையண்ட்டுக்கு ரிப்போர்ட் போகணும். பேர் போடணுமாம்."

"யார் பேர்?"

"எழுதினவா பேர்."

ப்ரோக்ராம் நின்ற இடத்தைக் காட்டும் தாளை நீட்டினான். edai என்றிருந்தது. எடை. ப்ரோக்ராமில் எடை கணக்கிடும் துண்டுக்கு, அந்த ஃபங்ஷனுக்கு, எட்டு வருடத்துக்கு முன் அவர் வைத்த பெயர். வங்காளி நண்பர்கள் அதை 'ஏட்டாய்' என்று படித்துவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் மொழியில் 'இதுவேதான்' என்று அர்த்தம். அப்புறம் எந்தப் பிழை அகப்பட்டாலும் யாராவது "ஏட்டாய்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அவர் தப்பே செய்யமாட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் பெயர் கடைசியாக எழுதப்படும் தாள் இதுவாக இருக்க வேண்டாம் என்றிருந்தது.

நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், நாம் வைக்கும் பெயரை அப்படியே விடாது. ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் குழம்பக் கூடாதென்று முன்னால் எழுத்துகளின் எண்ணிக்கையைப் போடும். எந்த வகை எண்ணை வாங்கிக்கொள்கிறது என்பதற்குப் பின்னால் ஓர் எழுத்தை ஒட்டும். இப்படி முறுக்கிய பெயரைப் பிரித்துக் காட்ட ஒரு சின்னக் கருவி உண்டு. ஃபில்ட் என்போம். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும்.

"ஃபில்ட்லதானே பிரிச்சே?"

"ஆமா. மைனஸ் பி போட்டேன். இல்லேன்னா வரி நீண்டு தாளை விட்டு வெளியே போறது."

மைனஸ் பி போட்டால் அடைப்புக்குறியும் அதற்குள் இருப்பதும் வராது. பிரிக்காத மூலத்தைத் திறக்கச் சொன்னேன்.

_Z4edaid

கடைசியில் ஒரு d. மைனஸ் பி இல்லாமல் பிரித்தேன்.

edai(double)

அவர் எழுதியது மூட்டைகளுக்கு, முழு கிலோவுக்கு. அதன் வால் i. d என்றால் தசம எண். மாதிரிப் பொட்டலங்களின் கிராம் கணக்குக்காக இரண்டு வருடத்துக்கு முன் அதை எழுதியவள் நான். அன்று மாலை அவருக்கு முதல் ஸ்கேன். வேறு பெயர் யோசிக்க முடியாமல் அவர் வைத்ததையே வைத்தேன். தராசு காலியாக இருந்தால் என்ன செய்வது என்று எழுதாமலே எழுந்து போயிருக்கிறேன்.

மது சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தி, விடுங்கோ. ரிப்போர்ட் அப்படியே போகட்டும். வெங்கட்-தாவுக்கு இனிமே அப்ரைசல் கிடையாது. உங்களுக்கு மார்ச்சுல இருக்கு."

நல்ல மனசோடுதான் சொன்னான். மூன்று மாதமாக எல்லாரும் நல்ல மனசோடுதான் பேசினார்கள். அதிலேயே களைத்திருந்தேன்.

"இருந்தப்பவே அவருக்கு அப்ரைசல் நன்னா வந்ததில்லை," என்றேன். மது சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

எல்லா வரிகளையும் முழுதாகப் பிரித்து ரிப்போர்ட்டில் ஒட்டினேன். தாளுக்குள் அடங்கவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

அச்செடுத்து மேசையில் வைத்ததை மது குனிந்து படித்தான். அடைப்புக்குறி வந்ததும் விரலை அங்கே வைத்தான்.

"ஏட்டாய்?" விளையாட்டாகக் கேட்கவில்லை.

"ஏட்டாய்."

அவன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனான். காலித் தராசுக்கு இரண்டு வரி எழுத வேண்டியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.