உளியால் சீவிய குறிகள்

கூட வேலை பார்த்த பால்பாண்டிக்கு நான் நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் தர வேண்டியிருந்தது. அது அவனுக்கே தெரியாது.

வெள்ளாயணியில் பழைய மர வீடு ஒன்றைப் பிரித்து, கோவளத்தில் ஒரு ஓட்டலுக்குள் மறுபடி நிறுத்துகிற வேலை. வீடு முழுக்க ஆஞ்சிலி மரம். ஓர் இரும்பாணி கிடையாது. கூரையின் சாய்மரத்தைக் கழுக்கோல் என்போம். ஒவ்வொரு கழுக்கோலும் உத்திரத்தில் தனக்கென்று வெட்டிய துளையில்தான் உட்காரும். பக்கத்துத் துளையில் வைத்தால் விரற்கடை விலகி நிற்கும். அப்படி அறுபத்திரண்டு.

எண் போடும் வேலையை கான்ட்ராக்டர் ஷாஜி எனக்குத் தந்தார். நாற்பத்தெட்டு வயதில் சர்ச் ஹாலில் எழுத்துப் படித்தவன் நான். கறுத்த மரத்தில் சாக்பீஸ் ஏறவில்லை. நுனிகளை உளியால் சீவி, ‘கி 7’, ‘தெ 4’ என்று திசையும் எண்ணும் சாக்பீஸால் எழுதினேன். நுனியில் சின்ன வெட்டுகள் இருந்தன. யாரோ பிள்ளைகள் கீறியது என்று அவற்றையும் சீவிவிட்டேன்.

சாயங்காலம் பால்பாண்டி தார்ப்பாய் கட்டிவிட்டுப் போனான். என் எழுத்தைப் படம் பிடித்து, எழுத்து சொல்லித்தந்த டீச்சருக்கு அனுப்ப ஆசை வந்தது. ஒரு பக்கம் அவிழ்த்தேன். படம் நன்றாக விழுந்தது. திரும்பக் கட்டாமல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

விடிய மழை. ஓர் எண்ணும் மிஞ்சவில்லை.

"சாரமில்ல, பாத்துக்கிடலாம்," என்றார் மூத்த தச்சர் தாணுமாலையன் ஆசாரி. "வீட்டக் கெட்டின ஆசாரி சோடி தெரிய வெட்டுக்குறி போட்டிருப்பான்." ஒரு கழுக்கோலைப் புரட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீரு அதையும் சீவிட்டேரா? நல்லாப் படிச்சேரு வே!"

"அது கெடக்கட்டு," என்றார் ஷாஜி. "எந்தரடே இது, தார்ப்பாய் கெட்டினது ஆரு?"

பால்பாண்டி என் பக்கம் திரும்பினான். "நாலு மூலையும் இழுத்துக் கெட்டினேன்லா அண்ணாச்சி. நீங்க பாத்தீகள்லா?"

"நான் பாக்கல," என்றேன்.

ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துச் சேர்க்க ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளுக்கும் அவன் கூலியை, நாலாயிரத்து முந்நூற்றைம்பதை, பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, கிழக்கேகோட்டை டீக்கடையில் பணத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, சீட்டுப் பணமா?"

சொன்னேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஒரு போட்டோவுக்காவே? நான் குடிச்சு அழிச்சேன்னுல்லா வீட்டுல நெனச்சிட்டிருக்கா! இப்ப கூலிய அவ அக்கா கணக்குலதான் போடச் சொல்லுதா." போனில் மனைவி இசக்கியம்மாளை அழைத்து என் கையில் திணித்தான். "ரூபா கெடக்கட்டும். மொதல்ல அவகிட்டச் சொல்லும்."

இசக்கியம்மாளிடம் எல்லாம் சொன்னேன். தார்ப்பாயை அவிழ்த்தது, பார்க்கவில்லை என்று பொய் சொன்னது வரை.

"பணம் குடுத்துட்டேரா?"

"குடுத்தாச்சும்மா."

"முழுசா?"

"முழுசா."

"அவுகள எண்ணச் சொல்லும்."

பால்பாண்டி எச்சில் தொட்டு எண்ணினான். "சரியா இருக்குட்டீ," என்றான் போனில். பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். நாகர்கோவில் பஸ் வந்ததும் ஏறிப் போனான்.